நான்கு பித்தளைத் தோட்டாக்களும் ஒரு பன்றியும்

உ
சிவமயம்

தண்ணீர்மலை வீதி,
பினாங்கு.
2604-ஆம் ஆண்டு ஒக்டோபர் 2, திங்கட்கிழமை
(1944-ஐ ஜப்பான்காரர் இப்போது இப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள்.)

அன்புள்ள மைத்துனர் சற்குணம் அவர்களுக்கு,

உம்முடைய அக்காவின் கணவன் கதிர்காமநாதன் எழுதிக்கொள்வது. நானும் தவமணியும் பெண்பிள்ளைகள் இருவரும் மலைமேல் இருக்கும் முருகன் துணையால் சுகமாக இருக்கிறோம். நீரும் நல்லம்மாவும் குழந்தைகளும் சுங்கை பாக்காப்பில் அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாக இந்த வரியை எழுதும்போது அதில் பாதிதான் உண்மையாக இருக்கும். இன்று முழுவதும் உண்மை. கடிதத்தைத் தபாலில் போடவில்லை. போட்டால் உமக்கு முன்னால் நான்கு பேர் படிப்பார்கள், அதில் ஒருவனுக்காவது தமிழ் தெரிந்திருக்கும். பிறை வழியாக லொறியில் வரும் சிக்கந்தர் தம்பி நாளை எடுத்து வந்து உம் கையில் கொடுப்பார். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடும். ஆனால் படிக்கும்போது உரக்கப் படியும், நல்லம்மாவுக்கும் கேட்கட்டும்.

சித்திரையில் நீர் இங்கு வந்திருந்தபோது, பன்றி கிளறிப் போட்டிருந்த என் மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னது உமக்கு நினைவிருக்கும். "அத்தான், உங்கட கை பேனை பிடிச்ச கை. பன்றியோட மல்லுக்கட்ட ஏலாது. எல்லாரும் எங்கட வீட்டுக்கு வந்திடுங்கோ" என்றீர். அன்போடு சொன்னீர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பத்தொரு வருடம் நில அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், மைத்துனன் வீட்டில் பாய் விரித்துக்கொண்டு, அவன் மனைவி எப்போது கஞ்சி ஊற்றுவாள் என்று அடுப்படிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பது நடக்கிற காரியமா? பங்கீட்டு அரிசி மாதாமாதம் சுருங்குகிறது. மரவள்ளிதான் எங்களுக்குச் சோறு. அது போய்விட்டால் உம் வீட்டைத் தவிர எங்களுக்குப் போக்கிடமில்லை. ஆகவே பன்றியா நானா என்று ஆகிவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்தான்.

பன்றித் தொல்லையைப் பற்றி நான்கு விண்ணப்பங்கள் எழுதினேன். ஐந்தாவதை நேரிலேயே கொண்டுபோனேன். எங்கள் பகுதியில் பயிர்களைக் கவனிக்கும் ஜப்பானிய அதிகாரி, வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதற்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்கிறார். விண்ணப்பத்தை வாசிக்கக் கேட்டவர், உள்ளே போய் ஒரு பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியையும் நான்கு பித்தளைத் தோட்டாக்களையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஒக்டோபர் கடைசிக்குள் பன்றி விழ வேண்டும், இல்லாவிட்டால் நிலம் வேறு ஆளுக்கு என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். குனிந்து வணங்கிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கும் வெறுங்கூடு. யாரோ எப்போதோ சுட்டுத் தீர்த்தவை. திரும்பிப் போய், ஐயா நீங்கள் கொடுத்தது காலி என்று அவரிடம் சொல்லும் துணிவு இந்தத் தீவில் யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை.

அப்போதுதான் காஜா மொய்தீனிடம் போனேன். சூலியா தெருவில் விளக்கும் பூட்டும் பழுது பார்க்கிறாரே, அவர்தான். சண்டைக்கு முன்னால் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பதினைந்து வருடம் தோட்டா நிரப்பியவர். காட்டுப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. ஆனால் அவர் நிரப்பிய தோட்டா பொய்த்ததில்லை என்று துரைமார் சொல்வார்களாம். கூட்டை வாயருகே வைத்து ஊதிப் பார்த்து, நகத்தால் தட்டிப் பார்த்து, "அண்ணே, காகிதத் தோட்டான்னா ஒரு தடவையோட சரி. இது பித்தளைலா. எத்தன தடவ வெடிச்சாலும் கழுவித் தொடச்சு நெரப்பிக்கிட்டே இருக்கலாம்" என்றார். கடை மூடியபோது ஒளித்து வைத்த கருமருந்து ஒரு டப்பாவும், அடியில் பொருத்தும் கேப்புகள் கொஞ்சமும் அவரிடம் இருந்தன. ரவைக்கு மீன்வலையின் ஈயக்குண்டுகளை வெட்டி உருட்டினார். மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் தக்கைக்குத் தடித்த கம்பளி வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் தடித்த கம்பளி என்று இருந்தது என் உத்தியோகத் தொப்பி ஒன்றுதான். மூன்று துரைமாருக்கு முன்னால் கழற்றிய தொப்பி அது. கூட்டின் வாயை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டத் தட்ட, வட்டம் வட்டமாக என் முப்பத்தொரு வருட உத்தியோகம் தரையில் விழுந்தது. தவமணி பார்த்துக்கொண்டே நின்றாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே?" என்று மட்டும் கேட்டாள்.

டப்பாவில் இருந்த மருந்து ஈரம் பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை அதைச் சுளகில் பரப்பி முற்றத்தில் காயவைத்தோம். மறுநாள் புரட்டாதிச் சனி. சனீஸ்வரனுக்கு எரிக்கத் தவமணி எங்கிருந்தோ தேடிப் பிடித்த ஒரு கை எள்ளும் பக்கத்துச் சுளகில் காய்ந்துகொண்டிருந்தது. காஜா கிளம்பும்போது, "ஜும்மா தொழுதுட்டு வந்துர்றேன் அண்ணே, நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் ஓய்வு பெற்றவன்தான், கை முடங்கியவன் அல்லவே. அவர் செய்த மாதிரியே ஒரு தோட்டாவை நானாகவே நிரப்பி, அட்டை வைத்து, மெழுகால் மூடி, மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டேன். மீதி மூன்றையும் வந்து அவர் நிரப்பினார். சனிக்கிழமை காலை தவமணி குளித்து வந்து, கறுப்புத் துணியில் எள்ளுப் பொட்டலம் கட்டி, எண்ணெய்ப் பஞ்சத்தில் ஒரே ஒரு துளி எண்ணெய் தொட்டு, படத்தின் முன்னால் கொளுத்தினாள். நான் கண்மூடிக் கும்பிட்டு நின்றேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன், விளக்கு கூரைமேல் கிடந்தது, என் மீசையில் இடப்பக்கம் இல்லை. ஒருவருக்கும் வேறு சேதமில்லை. புகைக்குள்ளிருந்து வெளியே வந்த தவமணி கைகூப்பியபடி, "ஏழரை வருஷமா வீட்டுக்குள்ள இருந்தவன் இண்டைக்குத்தான் வெளிக்கிட்டிருக்கிறான்" என்றாள். சுளகை மாற்றி எடுத்துவிட்டாள் என்று நான் விளக்கிச் சொன்னேன். அவள் தவறு செய்தாள் என்ற திருப்தியில், நான் எந்தச் சுளகிலிருந்து எடுத்தேன் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

நேற்று ஞாயிறு விடியற்காலை நானும் காஜாவும் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் ரம்புத்தான் மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி உட்கார்ந்தோம். மூடுபனி விலகும் நேரத்தில் அது வந்தது. ஓடி வரவில்லை, ஒளிந்து வரவில்லை. தன் சொந்த நிலத்தைப் பார்க்க வருகிற மிராசுதாரைப் போல நடந்து வந்தது. கறுப்பு நிறம், தரையைத் தொடும் வயிறு, சுருட்டிய வால், பன்றியைப் பற்றிப் படித்ததெல்லாம் பொருந்தியது. நாற்பது அடி தூரம். குறி பார்த்து விசையை இழுத்தேன். "டப்" என்று கேப்பு மட்டும் வெடித்தது. குழல் வாயிலிருந்து தக்கையும் ரவையும் எள்ளும் மரத்தடியில் கொட்டின. பன்றி ஓடவில்லை. மரத்தடிக்கே வந்து, எள்ளை முகர்ந்து பார்த்து, நக்கித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் எங்களை நிமிர்ந்து பார்த்தது. அப்படியொரு திமிரை நான் மேலதிகாரிகளிடம்கூடக் கண்டதில்லை. காஜா என் காதோரம், "அண்ணே, பன்னிக்கு எள்ளுருண்டை குடுக்கவா என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க? பெலான் பெலானா, மெதுவா அடுத்தத மாத்துங்க" என்றார். மாற்றினேன். எள்ளு தீர்ந்ததும் அது திரும்பி நடந்து மறுபடியும் அதே நாற்பது அடி தூரத்தில் போய் நின்று என் மரவள்ளியை முகர்ந்தது. என் பிள்ளைகளின் வயிற்றை நினைத்துக்கொண்டு இழுத்தேன். சற்குணம், அந்த வெடியைக் கேட்டிருக்க வேண்டும் நீர். துப்பாக்கி என்னைப் பின்னால் தள்ள, நான் காஜாவைத் தள்ள, இருவரும் கிளையோடு கீழே விழுந்தோம். கருமருந்தின் புகை ஒரு முழு நிமிடம் கண்ணை மறைத்தது. விலகியபோது அது கிடந்தது. ஒரே வெடி. நான் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

பிறகுதான் சிக்கல். நான் பரம்பரைச் சைவன், அதைத் தொட மாட்டேன். காஜாவோ பத்தடிக்கு அப்பால் நின்றுகொண்டு, "சுடுறதுக்குத்தான் அண்ணே வந்தேன், தொடுறதுக்கு இல்ல" என்றார். சாகடித்தவர்கள் இருவரும் அதைச் சுற்றி ஈயோட்டிக்கொண்டு நின்றோம். கடைசியில் எதிர்வீட்டுச் சீன முதலாளி, எங்கள் தவுக்கே, தன் மகன்களோடும் மூங்கில் கழியோடும் வந்தார். வந்தவர் அதன் காதைப் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார், "செப்பாட், செப்பாட்" என்று மகன்களை மலாயில் அவசரப்படுத்தினார். பத்து மணிக்குள் எல்லாம் வெட்டி முடித்துவிட்டார்கள். இறைச்சிக்குப் பதிலாக ஒரு தலையணை உறை நிறையப் பச்சரிசி தந்தார். நேற்று மத்தியானம் பெண்கள் இருவரும் சோறு தின்றார்கள். மரவள்ளி கலக்காத சோறு. சின்னவள் தட்டை வழித்துவிட்டு, "அப்பா, நாளைக்கும் சுடுவீங்களோ?" என்று கேட்டாள்.

உத்தியோக முறை தெரிந்தவன் என்பதால் அதிகாரிக்குச் செய்ய வேண்டியதையும் விடவில்லை. பின்தொடை ஒன்றை வாழையிலையில் சுற்றித் தவுக்கேயின் மகன் கையில் கொடுத்தனுப்பினேன். கூடவே ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கக் கடிதம்: சுட்ட நாள், நேரம், இடம், பன்றியின் நிறம், நீளம், உத்தேச எடை, செலவான தோட்டா இரண்டு, கையிருப்பு இரண்டு, இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள கதிர்காமநாதன். எங்கள் அலுவலகத்தில் இதைவிட நல்ல கடிதம் எழுதப்பட்டதில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே, மைத்துனரே, எங்களுக்காக நீர் கவலைப்பட வேண்டாம். நாங்கள் எங்கும் வருவதாக இல்லை. பேனை பிடித்த கை எது எதையெல்லாம் பிடிக்கும் என்று இப்போது உமக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பக்கம் அரிசி முடைப்பட்டால் கூச்சப்படாமல் இங்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம். நல்லம்மாவுக்கு என் அன்பு. குழந்தைகள் தலையில் என் கையை வைத்ததாக எண்ணி ஆசி கூறவும். முருகன் எல்லோரையும் ஒரு குறையுமின்றிக் காப்பாராக.

இங்ஙனம்,
உம் அத்தான்,
க. கதிர்காமநாதன்

பி.கு. செவ்வாய் காலை. சிக்கந்தர் தம்பி வாசலில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். இன்று விடிந்து பார்த்தால் மரவள்ளி இரண்டு பாத்தி கிளறிக் கிடந்தது. எட்டு மணிக்கு அதிகாரி தாமே நடந்து வந்தார். மொழிபெயர்ப்பாளர் ஈப்போவுக்குப் போயிருப்பதால் சைகையும் உடைந்த மலாயும்தான். தொடை நல்ல ருசி என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். பிறகு அவர் முகம் மாறியது. பெரிய அதிகாரி வரும்போது விருந்து வைக்க, பங்களாவின் பின்னால் எட்டு மாதமாகத் தம் கையாலேயே ஊட்டி வளர்த்த கறுப்புப் பெண் பன்றி ஞாயிறு விடியற்காலையிலிருந்து காணவில்லையாம். இந்த வீதியில் குறி தப்பாத ஆள் நான் ஒருவன்தானாம். ஆகவே திருடனைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. மிச்சமுள்ள இரண்டு தோட்டாவும் அவனுக்குத்தான் என்று விரலால் காட்டினார். என் கடிதம் மடிப்புக் கலையாமல் அவர் சட்டைப்பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பாளர் வந்ததும் வாசிக்கச் சொல்வாராம். காஜாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், காட்டுப் பன்றியும் வீட்டுப் பன்றியும் எப்படி வேறுபடும் என்று. "எனக்கெப்படி அண்ணே தெரியும்? எதிர்ல வந்தா நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். நீங்க பாத்ததில்லையா?" என்றார். நாங்கள் நால்வரும், காஜாவும் அவர் மனைவி ருக்கையாவும், ஆக ஆறு பேர் வியாழன் மாலை உம் வீட்டுக்கு வந்து சேருவோம். எத்தனை நாள் என்று இப்போது சொல்வதற்கில்லை. நல்லம்மாவிடம் பன்றி யாருடையது என்று சொல்ல வேண்டாம். நாற்பது அடி தூரம், ஒரே வெடி என்பதை மட்டும் தவறாமல் சொல்லி வையும்.