தங்கத்துக்கு நாற்பது புள்ளி குறைவு

வலங்கைமான்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் இராஜாங்கம் அவர்களுக்கு,

வேதாரண்யத்தில் தாங்களும் அக்காவும் உப்பளமும் சௌகரியமாக இருப்பதாக நம்பி நடராசன் பணிவோடு எழுதுகிறேன். இங்கே நானும் தங்கள் தங்கை மங்களாம்பிகையும் உடம்பளவில் சுகம். மற்ற அளவில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் தாங்கள் "என்ன மாப்ள" என்று கேட்டதுமே நான் "ஒண்ணுமில்ல மச்சான்" என்று வைத்துவிடுவேன். விஷயம் ஐந்து பகுதிகளாக இருப்பதால் முதலில் பட்டியல்:

1. தங்கள் தங்கை எனக்கு வைத்திருக்கும் கெடு.
2. ரேங்க் என்பது எப்படிக் கணக்கிடப்படுகிறது.
3. என் வெள்ளி ரேங்க் முழுக்க முழுக்க என் சொந்த ஆட்டத்தால் வந்தது என்பது.
4. மாப்பிள்ளை குணசேகரன் சொன்ன குறுக்கு வழியும், நான் மறுத்ததும்.
5. தாங்கள் செய்ய வேண்டிய உதவி.

முதலாவது. நானும் மங்களாவும் ஒன்றரை வருடமாக இணையத்தில் ஒரு விளையாட்டு ஆடிவருகிறோம். இதைத் தங்களிடம் மறைத்ததற்கு மன்னிக்க வேண்டும். எழுபது வயதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆளுக்கொரு டேப்லெட். இரண்டு பேர் ஓர் அணி, எதிரே இரண்டு பேர். நடுவில் ஒரு தீவு. எதிராளியின் கோட்டைக்குள் புகுந்து அவன் கொடியைப் பிடுங்கிவந்து நம் கோட்டையில் நட வேண்டும்; வழியில் சுடுவார்கள். மங்களா கொடி எடுப்பவள், நான் காவல். என் குறை என்னவென்றால், யார்மேலாவது குண்டு பட்டுவிட்டால் கை தானாக 'சாரி' என்று தட்டிவிடுகிறது. "ஏங்க, அவன்கிட்ட என்ன சாரி? அவன் உங்கள சுடறான். நீங்க விசாரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க" என்பாள். அவள் சொல்வது நியாயம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜோடிகளுக்கான போட்டி வைத்திருக்கிறார்கள். இருவருமே தங்க ரேங்கில் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். மங்களா தங்கம். நான் வெள்ளி, இன்னும் நாற்பது புள்ளி வேண்டும். "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். ஏறலேன்னா ஹமீதாவோட போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். ஹமீதா பானு அதிராம்பட்டினத்தில் தையல் வகுப்பு நடத்துபவர்; விளையாட்டில் பழக்கமானவர், குறி தப்பாதவர். நாற்பத்தாறு வருடம் கல்யாணமாகி, ஒரு கொடியை முன்னிட்டு என் இடத்தில் இன்னொருவர் உட்காருவதை நினைக்க முடியவில்லை மச்சான்.

இரண்டாவது. நான் முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் பயிர் அறுவடைச் சோதனை பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு கிராமத்து நெல் முழுவதையும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. குலுக்கல் போட்டது போல எண்கள் சிதறிக் கிடக்கும் எண் அட்டவணை காட்டும் வயலில், அது காட்டும் இடத்தில், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து நிறுத்து, அதிலிருந்து கிராமத்தின் மகசூலை மதிப்பிடுவோம். இந்த விளையாட்டும் அதைத்தான் செய்கிறது என்று எனக்குப் படுகிறது, தவறாகவும் இருக்கலாம். திரையில் தெரிகிற வெண்கலம், வெள்ளி, தங்கம் எல்லாம் மேல்பூச்சு. அடியில் ஆளுக்கொரு எண்ணை மறைவாக வைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிகளின் எண்களையும் பார்த்து யார் ஜெயிப்பார்கள் என்று ஊகித்துவிடுகிறார்கள். ஊகித்தபடியே நடந்தால் எண் லேசாக நகரும். எளியவன் வலியவனை ஜெயித்தால் தாவி ஏறும், வலியவன் தோற்றால் சரசரவென்று இறங்கும். இதோடு இன்னொன்றும் உண்டு. நம்மைப் பற்றி அந்தக் கணக்குக்கு எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதையும் தனியாகக் குறித்துவைக்கிறது. புது ஆள் என்றால் சந்தேகம் அதிகம், அதனால் பத்து ஆட்டத்தில் எங்கேயோ கொண்டுபோய்விடும். என்னைப் போல ஆயிரம் ஆட்டம் ஆடியவனைப் பற்றி அது முடிவுக்கு வந்துவிட்டது. இனி நத்தை வேகம்தான். ஆட்டத்தில் யார் ஓடினார்கள், யார் மரத்துக்குப் பின்னால் நின்றார்கள் என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. அணி ஜெயித்ததா, தோற்றதா, அவ்வளவுதான். இது எனக்குச் சாதகமான விதி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது. மங்களாவோடு ஆடுவது தவிர, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து நான் தனியாகவும் ஆடுகிறேன். எப்போது ஆடுவது என்பதைக்கூட மனம் போனபடி வைத்துக்கொள்ளாமல் எண் அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்து ஆடினால் மதிப்பீடு கெட்டுவிடும் அல்லவா. இதனால்தான் தங்கள் பேத்தியின் காதுகுத்தில் பந்திக்கு நடுவே காணாமல் போனேன்; அட்டவணையில் பன்னிரண்டு பத்து என்று இருந்தது. நான் இலையை விட்டு எழுந்ததைத் தாங்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டு கூட்டுக்கு உப்புப் போதவில்லையா என்று ஆள் விட்டுக் கேட்டீர்கள். அதுவல்ல காரணம். சில மாதங்களாக எனக்கு எதிரே வருகிறவர்கள் எல்லோரும் அசுர ஆட்டக்காரர்கள். எனக்குப் பயமாக இருந்தாலும் உள்ளுக்குள் பெருமை. என் மறைவு எண் என் ரேங்கைவிட உயர்ந்திருக்கிறது, அதனால்தான் வலியவர்களாகப் பார்த்து அனுப்புகிறது என்று பொருள். என்னைப் பற்றி இப்படி ஒரு நல்லெண்ணத்தை இதற்கு முன் எந்த அலுவலகமும் வைத்ததில்லை.

நான்காவது. கும்பகோணத்திலிருந்து மாப்பிள்ளை குணசேகரன் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "பாஸ்வேர்ட குடுங்க மாமா. நான் உங்க பேர்ல ஆடி ரெண்டே நாள்ல தங்கமாக்கித் தர்றேன். ஊர்ல பாதிப் பேரு இப்பிடித்தான் ஏறியிருக்கான்" என்றார். மாப்பிள்ளையிடம் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. "இல்லீங்க மாப்பிள்ளை. அது விளைஞ்ச மூலையாப் பாத்துக் கயிறு கட்டுற வேலை. நான் செய்ய மாட்டேன்" என்றேன். "மாமா, இது கேம்" என்றார். "அளக்கிறது எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் காபியை முழுக்கக் குடிக்காமல் போய்விட்டார். ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை. இரவல் எண்ணோடு தங்கத்தில் போய் நின்றால் அங்கே இருப்பவர்கள் என்னை மென்று துப்பிவிடுவார்கள். அது போகட்டும். அது நானல்ல.

ஐந்தாவது, உதவி. தாங்கள் சொன்னால் மங்களா கேட்பாள். அடுத்த சுற்றுப் போட்டி வரை பொறுக்கும்படி அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குள் நான் சொந்தக் காலில் ஏறிக் காட்டுவேன். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசிகள். மழைக்கு முன் தங்கள் உப்பெல்லாம் நல்லபடியாகக் கரையேற நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

தங்கள் அன்புள்ள,
நடராசன்.

பின்குறிப்பு, வியாழக்கிழமை: நேற்று இதை எடுத்துக்கொண்டு அஞ்சலகம் வரை போய்விட்டேன். தங்கள் பின்கோடு எழுத விட்டுப்போனது அங்கேதான் தெரிந்தது. திரும்பி வந்தால் கூடத்தில் மங்களா என் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் என் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்ன மங்களா இது?"

"ஒரு நிமிஷம் இருங்க. கொடி கையில இருக்கு."

நட்டாள். பதினெட்டுப் புள்ளி ஏறியது.

"எவ்வளவு நாளா இது?"

"போன ஐப்பசிலேர்ந்து. நீங்க வெண்கலத்துலயே கெடந்தீங்க. ரெண்டு பேருக்கும் எடவெளி அதிகம், சேந்து ஆட முடியாதுன்னு அது சொல்லிடுச்சு. நான் என்ன பண்ணுவேன்? நீங்க நடக்கப் போற நேரத்துல தெனம் ரெண்டு ஆட்டம். அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்கு ஹமீதாவோட போறேன்னே?"

"அப்பவாச்சும் ரோஷம் வருதான்னு பாத்தேன். வந்துச்சே. அண்ணனுக்கு லெட்டர் எழுதறீங்க." பிறகு, "இன்னும் இருபத்திரண்டுதாங்க. நாளைக்குள்ள நானே ஏத்திடறேன், சும்மா இருங்க" என்றாள்.

ஆசையாக இருந்தது மச்சான், பொய் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொல்லி டேப்லெட்டை வாங்கிக்கொண்டேன். நேற்றே புதுக் கணக்கு ஒன்று திறந்து, அவளைப் பக்கத்தில் வராதே என்று சொல்லிவிட்டுப் பத்து ஆட்டம் தனியாக ஆடினேன். இரண்டில் வெற்றி. வெண்கலம், அதிலும் கடைசிப் படி. ஹமீதா பானுவுக்கு நானே போன் செய்து மங்களாவோடு பெயர் கொடுக்கச் சொன்னேன். "அப்ப நீங்க வரலையாண்ணே?" என்றார். "பாக்க வர்றேம்மா, பை தூக்க ஆள் வேணுமில்ல" என்றேன். மங்களா இரண்டு வேளை முறைத்துக்கொண்டே சோறு போட்டாள். இன்று காலை அவளும் ஒரு புதுக் கணக்கு திறந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கழித்து இரண்டு பேரும் அடியிலிருந்து சேர்ந்து ஆடலாமாம். பத்து ஆட்டத்தில் அவள் எங்கே போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும். துரத்திப் பிடிப்பதாக உத்தேசம்.

ஆகையால் தாங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை பக்கம் எழுதிவிட்டதாலும், ஸ்டாம்பு ஒட்டிவிட்டதாலும் அனுப்புகிறேன். மேலே மூன்றாவதாகச் சொன்னது தவறு. அடித்துவிட்டுப் படிக்கவும்.