ஃபோர்ஸ் அண்ணனின் தொண்டை கட்டிய நாள்

திண்டிவனத்திலேயே சர்வரை மிரட்டி வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஃபோர்ஸ் அண்ணன்தான். டயர் கடை மாடியில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அவரவர் எழுதிய புரோகிராமை சர்வரில் இருக்கும் பொதுப் பிரதியில் ஏற்றுவோம்; எங்கள் பாஷையில், தள்ளுவோம். நமக்கு முன்னால் இன்னொருவர் ஏற்றியிருந்தால், முதலில் அதை இறக்கிச் சேர்த்துக்கொண்டு வா என்று சர்வர் மறுத்துவிடும். நாங்கள் பணிவோம். அண்ணனாவது, பணிவதாவது!

"இன்னா, எனக்கே நோ சொல்றியா?" என்று ஸ்கிரீனை முறைத்து, கட்டளையோடு ஃபோர்ஸ் என்று சேர்த்துத் தட்டுவார். அவருடையது ஏறும், அடுத்தவருடையது காணாமல் போகும். அதனால், நாங்கள் ஓடிவந்து தடுக்க வசதியாக, தட்டுவதற்கு முன் "தள்ளப் போறேன்!" என்று கத்த வேண்டும் என்று ஆபீசில் ஒரு வழக்கம் வைத்தோம். அவர் கத்தினால் கீழே டயர் கடைக்காரர் வண்டியை ஓரங்கட்டுவார்.

ஒருநாள் அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கத்தாமலே தள்ளிவிட்டார். மாதக்கணக்கில் நான் எழுதிய பில்லிங் புரோகிராம் மொத்தமும் போயே போச்சு. என் லேப்டாப்போ ஏற்கெனவே செத்து சர்வீசுக்குப் போயிருந்தது. சாயங்காலம் கஸ்டமருக்குப் போட்டுக் காட்டாவிட்டால் என் வேலை காலி. அதை இறக்கி வைத்திருந்தவள் எங்களோடு வேலை பார்க்கும் செல்வி மட்டும்தான். அவளுக்கு அன்று சொந்த ஊரான அனந்தபுரத்தில் பெண் பார்க்கும் வைபவம். போன் ஸ்விட்ச் ஆஃப்.

"ஏறு தம்பி!" என்றார் அண்ணன், இல்லாத குரலில். பைக் பறந்த வேகத்தில் நான் கண்ணைத் திறந்தது அனந்தபுரத்தில்தான். செல்வி பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வர, நாங்களும் உள்ளே நுழைந்தோம்.

"செல்வி, ஜல்தியா லேப்டாப்பை எடும்மா!"

"மறுபடியும் அழிச்சிட்டீங்களாண்ணா?"

தட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். சர்வர் அவளுக்கும் மறுத்தது. திரும்ப ஏற்றவும் ஃபோர்ஸ்தான் வழி. அதற்காக இத்தனை காலம் அண்ணனைத் திட்டியவள், பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். என் வேலை பிழைத்தது. மாப்பிள்ளை தட்டும் கையுமாக நின்று சிரித்தார்.

அவர் அம்மா சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலையெல்லாம் வாணாம். நாங்க முடிவு பண்ணிட்டோம்."

செல்வி முகம் வாடியது. அண்ணன் கரகரத்தார்: "பொண்ணைக் கேட்டீங்களாம்மா? கேக்காம தள்ளினா, அவங்க சேத்து வச்சதெல்லாம் பூடும். தினம் அந்தத் தப்பைப் பண்ணிக்கினு கீறவன் சொல்றேன்."

மாப்பிள்ளை தட்டைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லுங்க" என்று செல்வியைக் கேட்டார்.

இன்று செல்விதான் எங்கள் டீம் லீடர். மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது அந்த மாப்பிள்ளை. அண்ணன் பெங்களூருக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் என் புரோகிராமை யாரும் அழிப்பதில்லை. அழிந்தாலும் பரவாயில்லை, "தள்ளப் போறேன்!" என்ற அந்தக் குரல் ஒருமுறை கேட்டால் போதும் என்றிருக்கிறது.