நாற்பத்தொன்று பட்டனை விடவில்லை

புதிதாக ஒரு குழுவில் சேருகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஓர் அறிவுரைதான் உண்டு: முதல் ஒரு மாதம் வாயைத் திறக்காதீர்கள். போன மாதம் என் மகள் கைப்பேசியில் ஏதோ கறாரான விவாதக் குழுவில் சேர்ந்துவிட்டு, "எதைச் சொன்னாலும் திட்டுறாங்கப்பா" என்று வந்து நின்றாள். அவளிடமும் இதையே சொன்னேன். ஏன் என்று கேட்டாள். (கேட்காமல் விடுவாளா, என் தங்கை தூக்கி வளர்த்த பிள்ளை.) மானத்தை விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

எண்பதுகளின் நடுவில் நான் மலேசியாவில், ஜெராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணி. பெரிய கிராணி எழுதச் சொன்னதை ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. அந்தச் சம்பளத்தில் ஒரு சி.பி. வானொலி வாங்கினேன். மேசைமேல் வைக்கிற பெட்டி, சுருள் கம்பியில் ஒரு மைக். பட்டனை அழுத்தினால் பேசலாம். விட்டால் மற்றவர்களைக் கேட்கலாம். ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் வேறு யார் பேச்சும் எடுபடாது.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு அதில் ஒரு தமிழ் விவாதக் குழு கூடும். தலைவி மங்களம் அக்கா, கோலா சிலாங்கூரில் தையல் கடை வைத்திருந்தவர். ஆளுக்கு ஓர் எண், எனக்கு நாற்பத்தொன்று. ஒருவர் முடித்த பிறகு மூன்று எண்ணிவிட்டுத்தான் அடுத்தவர் பேச வேண்டும். கேட்ட கேள்வியை மறுபடி கேட்கக் கூடாது. சக உறுப்பினரைக் கேலி செய்யவே கூடாது. புதியவர் இரண்டு வாரம் சும்மா கேட்க வேண்டும். மூன்றாவது வாரம் பேச விட்டு, சேர்ப்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்வார்கள்.

முதல் வாரமே நான் நடுவில் புகுந்து, நல்ல ஏரியல் எங்கே கிடைக்கும் என்றேன்.

"நாப்பத்தி ஒண்ணு, பத்து நிமிஷத்துக்கு முன்னாடிதான் இதுக்குப் பதில் சொன்னோம். கேட்டீங்களா?" என்றார் மங்களம் அக்கா.

"இல்லக்கா."

"அப்பக் கேளுங்க."

துணி வெட்டுகிற கத்தரி மாதிரி குரல்.

மூன்றாவது வாரத் தலைப்பு, வீட்டில் டிவி இருப்பது நல்லதா கெட்டதா. (எங்கள் வீட்டில் டிவி இல்லை. ஆகவே கெட்டது என்று வாதாட முடிவு செய்தேன்.) நான்கு பக்கம் எழுதி, கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து, ஏழு நிமிடம் பேசினேன். முடித்ததும் மைக்கைப் பிரம்பு நாற்காலியில் போட்டு, நானும் பெருமையோடு சாய்ந்தேன். நாற்காலித் திண்டுக்குப் பின்னால் சிக்கிய மைக்கின் பட்டன் அமுங்கிக்கொண்டது எனக்குத் தெரியாது.

பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. மூன்று எண்ணினேன். முப்பது எண்ணினேன். என் பேச்சில் எல்லோரும் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று தீர்மானித்தேன்.

தங்கை வள்ளி தேத்தண்ணி கொண்டுவந்தாள். "என்னண்ணே, யாரும் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்த சொல்றது? அசந்து போயிட்டாங்க லா."

அந்தக் குஷியில் அவளுக்கு ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டினேன். செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டும் ஏழாம் எண்காரர் பேசுமுன் விடும் மூச்சை, லோரி பிரேக் மாதிரி விட்டேன். வள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து மங்களம் அக்கா: "நாப்பத்தி ஒண்ணு, தும்முறதா இருந்தாலும் மூணு எண்ணிட்டுத் தும்முங்க."

"சட்டமெல்லாம் நல்லாத்தான் பேசுறாங்க," என்றாள் வள்ளி. "தீபாவளிக்கு அவங்க தச்ச ஜாக்கெட்டுல எனக்குக் கையே நுழையல."

அரை மணி நேரம் இப்படிப் போயிருக்கும். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. கணவருக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்தவர் மங்களம் அக்கா. கழுத்தில் அளவு நாடாகூட அப்படியே தொங்கியது. குழுவில் சேர எழுதிக் கொடுத்த முகவரியை வைத்துத் தேடி வந்திருக்கிறார்.

"தம்பி, கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தேன். திண்டைத் தூக்கி மைக்கை எடுத்தார். பெட்டிக்கு உயிர் வந்தது. யார் யாரோ ஒருவர்மேல் ஒருவராகச் சிரிக்கும் கரகரப்பு.

"வானொலியில சொல்லிப் பாத்தோம். உங்களுக்குக் கேக்கல. அதான் நேர்ல வந்தேன்," என்றார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவர் என்னை விட்டுவிட்டு வள்ளியிடம் திரும்பினார்.

"எந்தக் கை இறுக்குதும்மா?"

"ரெண்டும்" என்றாள் வள்ளி, பாதி உயிரோடு.

"எடுத்துட்டு வா. பிரிச்சுத் தரேன்."

தேத்தண்ணி குடித்து, ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுவாரம், என்னைச் சேர்க்கப்போவதில்லை என்று பெட்டி முன் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது ஏழாம் எண்காரரின் நீண்ட மூச்சு.

"நாப்பத்தி ஒண்ணு, இன்னிக்கு பிரேக் எப்படி இருக்கு? அக்கா, இவரு இருக்கட்டும். இந்தக் குழுவுல நாம சிரிச்சதே போன வாரந்தான்."

மங்களம் அக்கா ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: புதிதாக யார் சேர்ந்தாலும் நடந்ததை நானே என் வாயால் சொல்ல வேண்டும். குழு கலையும்வரை சொன்னேன். சொல்லிச் சொல்லி வெட்கம் தேய்ந்து, கடைசியில் எனக்கே அது பிடித்துப்போயிற்று.

இப்போது கதை வள்ளியின் கையில். கல்யாண வீடு, காதுகுத்து எதுவானாலும் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். அவள் கதையில் ஜெராம் மீனவர்கள் வலையைக் கீழே போட்டுவிட்டு வானொலியில் நான் பேசுவதைக் கேட்கிறார்கள். போன வருடம் முதல் போலீஸ் ஜீப் வேறு வருகிறது. நான் எதையும் மறுப்பதில்லை. நான்கு பக்கம் எழுதி நான் பேசிய அந்த ஏழு நிமிடத்தை மட்டும் அவள் சொல்வதே இல்லை. கேட்டால், "அது யாருக்குண்ணே ஞாபகம் இருக்கு?" என்கிறாள்.