வாசல் கம்பத்தில் ஓர் அரசன்

என் வீட்டுக்கு நான்தான் அரசன். இதை நான் பலமுறை உரக்கவே சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. இனி வாயால் சொல்லிப் பயனில்லை, மரத்தில் செதுக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

காரணம் என் மாமனார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் வீட்டை யாரிடம் சொன்னாலும் "என் பொண்ணு வீடு" என்றுதான் சொல்வார். பிறகு, போனால் போகிறதென்று, "மாப்பிள்ளையும் அங்கதான் இருக்கார்" என்று சேர்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். வருவதற்குள் வாசலில் இரண்டு மரக்கம்பங்கள் நிற்க வேண்டும். ஒன்றில் மேலிருந்து கீழாக 'இல்லத்தரசன்' என்று இருக்க வேண்டும்.

என்னிடம் சி.என்.சி. ரவுட்டர் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்துக் கொடுத்தால், சுழலும் கத்தியால் அதுவே மரத்தில் செதுக்கிவிடும். பொழுதுபோக்குக்காக வாங்கியது. எனக்குச் செதுக்கிப் பொழுது போகிறது. என் மனைவிக்கு மரத்தூளைப் பெருக்கிப் பொழுது போகிறது.

கம்பமோ என் தொடையைவிடத் தடிமன். மெஷினுக்கு அடியில் நுழையவே மாட்டேன் என்றது. மெஷினுக்குக் கால் வைத்து உயர்த்தினேன். அந்தக் கால்கள் சாப்பாட்டு மேஜையுடையவை. அன்றிலிருந்து எங்களுக்குத் தரையில்தான் சாப்பாடு.

"மேஜைக்குக் கால் எப்பத் திரும்பி வரும்?" என்றாள் மனைவி.

"நம்ம வாசலுக்கு ஒரு கம்பீரம் வேணாமா?"

"கம்பத்துக்குக் கம்பீரம். எனக்கு முட்டிவலி."

மெஷின் குட்டை, கம்பம் நெட்டை. அதனால் வார்த்தையைப் பாதி செதுக்கி, கம்பத்தை நகர்த்தி, மீதியைச் செதுக்க வேண்டும். முதல் பாதி 'இல்லத்தர'. எழுத்துகளில் கத்தி வெண்ணெயில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. புள்ளியில்தான் வந்தது வினை. புள்ளிக்கு நேராகக் குத்த வேண்டும். 'ல்'லுக்குப் புள்ளி வைக்கையில் டக்! ஒரு கத்தி போச்சு. 'த்'துக்கு வைக்கையில் டக்! இன்னொன்று. மிச்சம் ஒரே ஒரு கத்தி. கடையில் கேட்டால், புதுசு வர அடுத்த மாதம் ஆகும் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். கம்பத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"'இல்ல... தர...' மாட்டேன்னு எழுதப் போறீங்களா சார்? நேத்து உங்க ஏணியைக் கேட்டது தப்புன்னா நேர்ல சொல்லியிருக்கலாம். இப்படியா கம்பத்துல போடறது?"

"ஐயோ, அது பாதிதான் சார்!"

"மீதி எனக்கே புரியுது சார்."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி துடைப்பத்தோடு வந்தாள்.

"இன்னும் என்ன பாக்கி?"

"'சன்' மட்டும்தான்."

"அதுலயும் புள்ளி இருக்கே?"

எனக்குச் சுரீரென்றது.

"இருக்கற ஒரு கத்தியும் போயிட்டா, அப்பா வந்து 'இல்லத்தர'ன்னு படிப்பாரு. வீட்டை வாடகைக்குத் தரப் போறோமான்னு கேப்பாரு."

"இப்ப என்ன பண்றது?"

"நான் என்னத்தக் கண்டேன்? மெஷின் உங்களுது, மூளையும் உங்களுது. புள்ளி இல்லாம முடிக்க முடியுமான்னு பாருங்க."

"'இல்லத்தரசா'ன்னு போட்டா?"

"போடலாம். யாரோ கூப்பிடறாங்கன்னு நீங்க வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடிட்டே இருப்பீங்க."

யோசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எழுத்தை அவள் சொல்லவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

"'சி' போட்டா?"

"சியா?" என்று அவள் ஆச்சரியப்பட்ட அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எனக்குத் தோணவே இல்லையே!"

'சி' சிக்கலில்லாமல் வந்தது. கத்தியும் பிழைத்தது. கம்பத்தில் 'இல்லத்தரசி' என்று பளிச்சென்று இருந்தது.

"அப்ப எனக்கு?" என்றேன்.

"இன்னொரு கம்பம் உங்களுக்குத்தானே? புள்ளி இல்லாததாப் பாருங்க."

"தலைவன்?"

"புள்ளி."

"எஜமான்?"

"புள்ளி."

"ராஜா?"

"அது பக்கத்து வீட்டு நாய் பேரு. அவரு ஏற்கெனவே கோவமா இருக்காரு."

நியாயம்தான். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"'துணை'ன்னு போடுங்களேன். நான் இல்லத்தரசி, நீங்க என் துணை. ஆயுசுக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அரசன் பதவி யாருக்கு வேண்டும்? உடனே செதுக்கினேன். தேய்த்தேன். வார்னிஷ் அடித்தேன். அவள் சொன்னபடியே, தெருவிலிருந்து பார்த்தால் இடது பக்கம் இல்லத்தரசி, வலது பக்கம் துணை என்று குழி வெட்டி நட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்து இறங்கினார். நான் வலது கம்பத்தின்மேல் கை போட்டுக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இடது கம்பத்தைப் படித்தார். வலது கம்பத்தைப் படித்தார். பிறகு, லாரி நெற்றியில் சாமி பேரைப் படிப்பதுபோல, இரண்டையும் சேர்த்துத் தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

"இல்லத்தரசி துணை!"

என் கை தானாகக் கம்பத்திலிருந்து இறங்கியது. உள்ளே யாரோ களுக்கென்று சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமனார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே மாப்பிள்ளை? மரத்துல வேற செதுக்கணுமா?"