மாமியாரின் மூக்கு

"என் மூக்கு இவ்வளவு நீளமாவா இருக்கு?" என்றார் மாமியார், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான காகிதக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு.

ஸ்டூடியோக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு 'வேலை, வேலை' என்று ஓடுகிற மாப்பிள்ளை அவர். ஊரே மெச்சும் அவர் படங்களை மாமியார் மட்டும் ஒரு நாளும் 'நல்லாயிருக்கு' என்றதில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கறந்துவிடத்தான் இந்த முப்பரிமாணப் படம். மாமனாரையும் மாமியாரையும் சோபாவில் உட்காரவைத்து ஒரு படம். கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். ஒன்றைச் சிவப்பாக்கி, மற்றதை நீலமாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடித்திருந்தார்.

"ரெண்டு கண்ணாலயும் பாருங்க அத்தை, மூக்கு அப்படியே வெளியே வந்து நிக்கும்" என்று வாயை விட்டதும் அவர்தான்.

"குறைச்சுடறேன் அத்தை."

"அவசரமில்ல, அடுத்த வாரம் கொண்டாங்க. இப்ப சாப்பிட வாங்க."

அடுத்த வாரம் மூக்கை உள்ளே தள்ளிக் கொண்டுவந்தார். மாமியார் கோழி மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மூக்கு தேவல. இவர் ஏன் என் தோள்ல ஒட்டிக்கிட்டிருக்காரு?"

"நான் எங்க ஒட்டினேன்?" என்றது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனாரின் குரல்.

"நீங்க சும்மா இருங்க. மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் சாதம்?"

புதிதாகவே எடுத்தார். இரண்டு படத்துக்கும் நடுவில் மாமனார் தும்மித் தொலைக்க, அச்சில் அவருக்கு இரண்டு தலை.

"ஒரு தலையோட நான் படற பாடே போதும்" என்றார் மாமியார்.

உபரித் தலையை வெட்டியெறிந்த அவசரத்தில் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டதை, மாமியார் வீட்டில் தானே கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் ஸ்டூடியோக்காரர் கண்டார். சுவர் முன்னால் வந்து நின்றது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். ஒளிப்பதற்குள் மாமியார் பிடுங்கிக்கொண்டார்.

"ம்... இப்பவும் மூக்கு நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அடுத்த வாரம் பாப்போம். கை கழுவுங்க."

சாப்பிட்டு முடித்ததும் கிளம்பினார். வழியனுப்ப வாசல்வரை வந்த மாமனாரிடம் கேட்டே விட்டார்.

"மாமா, குழியா இருக்கற மூக்கு அத்தைக்கு மட்டும் எப்படி நீட்டிக்கிட்டுத் தெரியுது?"

மாமனார் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில சொல்லிக்க மாட்டா மாப்பிள்ளை, சின்ன வயசுலேருந்தே அவளுக்கு ஒரு கண்ணுலதான் பார்வை, உங்க படம் எப்பவும் தட்டையாத்தான் தெரியும், ஆனா 'நல்லாயிருக்கு'ன்னு சொல்லிட்டா, அப்புறம் நீங்க எதுக்கு வாராவாரம் வரப்போறீங்க?"