வேல்ராஜைப் பார்த்து மட்டும்

தபால்காரரைப் பார்த்தால் வாலாட்டும். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரின் தோளில் காலைப் போட்டு நிற்கும். போன மாதம் பக்கத்துத் தெருவில் பித்தளை அண்டாவைத் திருடிக்கொண்டு போனவன்கூட, இந்த வீட்டு வாசலில் அண்டாவை இறக்கி வைத்து, அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போனான் என்று பேச்சு. ஆனால் சாயங்காலம் ஆறே காலுக்கு வேல்ராஜ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே கால் வைத்தால் போதும். அந்த வீட்டு நாய் பைலட் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து மூன்று தரம் குரைக்கும்.

கடிக்க வருகிற குரைப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரியான குரைப்பு.

வேல்ராஜ்தான் அந்த வீட்டுக்காரர். துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை நோட்டில் கோடு போட்டுக் குறிப்பவர். கேட் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்ததும் அவர்தான். கப்பலை வழிகாட்டிக் கூட்டி வருகிறவரைத் துறைமுகத்தில் பைலட் என்பார்கள்; அதையே குட்டிக்குப் பெயராகவும் வைத்தார். இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்று மாதமாகத்தான் இப்படி.

குரைத்து முடித்ததும் அடுப்படியிலிருந்து அவர் மனைவி அனுசியா வருவாள். நாய்க்கு இரண்டு நெத்திலிக் கருவாடு போடுவாள்.

"பாவம், கத்திக் கத்தித் தொண்டை காஞ்சிருக்கும்."

"ஏளா, கத்துனது அது. கேட்டது நான். எனக்கு ஒண்ணும் கெடையாதா?"

"உங்களுக்குக் கேப்பைத் தோசை இருக்கு."

வேல்ராஜுக்குச் சர்க்கரை. முன்னூற்றுப் பத்து என்று எழுதி டாக்டர் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அன்றோடு வீட்டில் சீனி டப்பா காணாமல் போயிற்று. ஆனால் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு பேக்கரி இருந்தது. அதைப் பற்றி டாக்டர் ஒன்றும் எழுதவில்லை. தினமும் நூறு கிராம் மக்ரூன். பாதியைக் கடை வாசலிலேயே முடித்துவிடுவார். மீதி பொட்டலமாகக் கால்சட்டைப் பையில் வரும், குளியலறைக்கு. மக்ரூனில் ஒரு நல்ல குணம் உண்டு. முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும்தானே. வாயில் வைத்ததும் கரைந்துவிடும். சாட்சி மிஞ்சாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்த பொட்டலத்தில் நாலு மக்ரூன் குறைந்தது. வெகுநேரம் யோசித்து, தானே தனக்குத் தெரியாமல் தின்றிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இத்தனை நாளும் அவர் நாயைப் பொறுத்துக்கொண்டார். இப்போது பொறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் மகள் இசக்கிசெல்வி. புதுக்கோட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து செல்வி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பையனைப் பற்றிக் கவலை இல்லை. பையனின் அப்பா அய்யாக்குட்டி அரிசி மண்டி வைத்திருக்கிறவர். ரொம்பக் கறார். இதற்கு முன் ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் ஓடிற்று என்று காபி குடிக்காமல் எழுந்து வந்தவர்.

"யப்பா, வீட்டு நாயே வீட்டு ஆளப் பாத்துக் குரைச்சா அவுக என்ன நெனைப்பாக?" என்றாள் செல்வி.

"என்னத்த நெனைப்பாக?"

"இவரு நெசமாவே இந்த வீட்டு ஆளுதானான்னு நெனைப்பாக. அன்னைக்கு ஒரு நாளு நீங்க மட்டும் வெளிய எங்கயாவது இருக்க முடியுமா?"

இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

முதலில் ஹெல்மெட்டைச் சந்தேகப்பட்டு வெள்ளையில் புதிது வாங்கினார். மூன்று குரைப்பு. பிறகு துறைமுகத்துத் தூசி வாடை என்று முடிவு செய்து, வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குளித்தால் அவருக்குப் பசிக்கும். அன்று நூற்றைம்பது கிராம் வாங்கும்படி ஆயிற்று. ஐந்து குரைப்பு.

கடற்கரை ரோட்டில் ஈவாஞ்சலின் என்ற பெண் நாய்களுக்கு வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டுப் போனார். பெங்களூரில் படித்துவிட்டு வந்தவள். அங்கே பிரம்பு இல்லை. நாயை யாரும் அதட்டவில்லை. சொன்னதைக் கேட்ட நாய்க்கு வாயில் ஒரு துண்டு கொடுத்தாள். கேட்காத நாயை, ஏன் கேட்கவில்லை என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நாய் சும்மா எதையும் செய்யாது. செஞ்சா அதுக்கு என்னமோ கெடைக்குன்னு அர்த்தம். குரைக்கதுக்கு முன்னால என்ன நடந்துச்சு, குரைச்ச பிறகு என்ன கெடைச்சுச்சு, ரெண்டையும் மூணு நாள் எழுதிட்டு வாங்க. ஒண்ணையும் விடக் கூடாது."

எழுதுவது வேல்ராஜின் தொழில். கோடு போட்டுச் சுத்தமாக எழுதினார்.

திங்கள். முன்: துறைமுகத்திலிருந்து நேராக வீடு. குரைப்பு மூன்று. பின்: நாய்க்கு நெத்திலி. எனக்குக் கேப்பைத் தோசை.

செவ்வாய். முன்: துறைமுகத்திலிருந்து நேராக வீடு. குரைப்பு மூன்று. பின்: நாய்க்கு நெத்திலி. எனக்குப் பாகற்காய்.

புதன். முன்: துறைமுகத்திலிருந்து நேராக வீடு. குரைப்பு இல்லை. பின்: நாய்க்கு ஒன்றுமில்லை. எனக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி.

ஈவாஞ்சலின் இரண்டு தரம் படித்தாள்.

"உங்க சாப்பாடு எதுக்கு சார்?"

"ஒண்ணையும் விடக் கூடாதுன்னியேம்மா."

"புதன்கிழம ஏன் குரைக்கல?"

"அன்னைக்குக் கப்பல் லேட்டு. வீட்டுக்கு வரவே ஒம்பது மணி ஆயிட்டு." ஒன்பது மணிக்குப் பேக்கரி மூடியிருந்தது என்பதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

"மத்த நாள் நேரா வீடுதானா? வழியில எங்கயும் நிக்கலையே?"

"சிக்னல்ல நிப்பேன்."

அவள் நெத்திலியில் விரலை வைத்தாள். "அப்ப இதான் சார். குரைச்சா நெத்திலி கெடைக்கு. நான் நாயா இருந்தாலும் குரைப்பேன். அதை நிறுத்தச் சொல்லுங்க. சத்தம் போடாம இருக்கும்போது நீங்களே உங்க கையால நல்ல ருசியா ஒண்ணு குடுங்க."

வேல்ராஜ் வீட்டுக்கு வந்து தீர்ப்பைச் சொன்னார். மூன்று மாதமாகத் தன்னைப் பார்த்து நாயைக் குரைக்க வைத்தது வேறு யாருமில்லை, விவரம் தெரியாமல் கருவாடு போட்ட மனைவிதான் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

"நாய்க்கும் ஒரு சைக்காலஜி இருக்குளா. உனக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது."

"சரிங்க," என்றாள் அனுசியா. "படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் கொஞ்ச காலமாகவே மத்தியானத்தில் காதில் வயரை மாட்டிக்கொண்டு, போனில் எதையோ பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். சமையல் குறிப்பு என்று வேல்ராஜ் நினைத்திருந்தார். குழம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இப்போது இதையும் அந்த நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நல்ல ருசியாக ஒன்று. வேல்ராஜ் அதிகம் யோசிக்கவில்லை. உலகத்தில் ருசியான பொருள் எது என்பதில் அவருக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. தவிர, இப்போது வாங்குவதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. கால் கிலோ வாங்கி, இரண்டு பைகளிலும் பிரித்துப் போட்டுக்கொண்டு போனார்.

பைலட் இடது பக்கம் உட்கார்ந்து ஆறு தரம் குரைத்தது. எழுந்து வலது பக்கம் போய் உட்கார்ந்து ஆறு தரம் குரைத்தது. அது மூச்சு வாங்குகிற இடைவெளியில், சத்தம் போடாமல் இருக்கிறது என்று கணக்காக்கி, அவர் ஒரு மக்ரூனை நீட்டினார். நாய் முகர்ந்து பார்த்தது. தின்னவில்லை. மறுபடி உட்கார்ந்து குரைத்துவிட்டு, அடுப்படியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு எழுந்து அங்கே போயிற்று. ஏதோ டப்பா மூடுகிற சத்தம் கேட்டது.

வேல்ராஜ் ஈவாஞ்சலினுக்குப் போன் போட்டார்.

"கூடிட்டும்மா. பன்னெண்டு ஆயிட்டு."

"மொதல்ல கூடத்தான் சார் செய்யும். வழக்கமாக் கெடைச்சது கெடைக்கலைன்னா நாய் இன்னும் பலமாக் கேட்டுப் பாக்கும். நீங்க விட்டுராதீங்க. என்ன குடுத்தீங்க?"

"பிஸ்கட் மாதிரி ஒண்ணு."

"கூடக் கொஞ்சம் குடுங்க."

மறுநாளிலிருந்து அரை கிலோ. நாய் தொடாததை வீணாக்க மனசு வராமல் அவரே தின்றார். இரவில் அவர் படுத்த கட்டிலைச் சுற்றி வந்து குரைத்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து குரைத்தது. வெள்ளிக்கிழமை குரைத்த குரைப்புக்குத் துறைமுகத்தில் நின்ற ஒரு பனாமா நாட்டுக் கப்பல் பதிலுக்கு ஹாரன் அடித்ததாகத் தெருவில் சொல்கிறார்கள். கப்பல் வேறு காரணத்துக்காகவும் அடித்திருக்கலாம்.

வீட்டில் பாகற்காய் கூடை கூடையாக வந்து இறங்கியது.

சனிக்கிழமை ராத்திரி கடைசி மக்ரூனும் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து நாற்காலி வாடகைக்கு எடுப்பது, ஒட்டடை அடிப்பது, சுவர்க் கடிகாரத்தை ரேடியோவோடு ஒத்துப் பார்த்து வைப்பது என்று வேல்ராஜ் வீட்டை விட்டு நகரவில்லை. பைலட் அவர் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது. ஒரு குரைப்பு இல்லை.

"பாத்தியாளா," என்றார் மனைவியிடம். "ரெண்டே வாரம். எல்லாம் ட்ரெயினிங்."

"ஆமாங்க," என்றாள் அனுசியா.

"இருந்தாலும் அவுக வார நேரம் பின்னால கட்டிப் போட்டுருவோம்."

"வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். மதினி நாயைப் பாக்கணும்னு சொல்லியிருக்காக."

"எந்த மதினி?"

"மாப்பிள்ளையோட அம்மா, செண்பகம் மதினி. சாதகம் பொருந்துன நாளையில இருந்து டெய்லி போன்ல பேசுதோம்லா."

"அவுக நாயைப் பாக்கவா வாராக?"

"பொண்ணையுந்தான்."

நாலு மணிக்கு வர வேண்டியவர்கள் நாலு பத்துக்கு வந்தார்கள். அய்யாக்குட்டி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக உள்ளே வந்து, முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். வேல்ராஜுக்குப் பாதி உயிர் வந்தது.

"வழியில அப்பா டயருக்குக் காத்துப் பாக்கணும்னு எறங்குனாங்க. அதான் கொஞ்சம் லேட்டு," என்றான் பையன்.

செண்பகம் அம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

கேசரி வந்தது. அய்யாக்குட்டி கையை உயர்த்தி மறுத்தார்.

"எனக்கு வேண்டாம். சுகர். இனிப்பைத் தொட்டு ரெண்டு வருசமாச்சு. மனுசனுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்லா."

"எனக்கும் அதே கததான் அண்ணாச்சி," என்றார் வேல்ராஜ். "வீட்டுல சீனி டப்பாவே கெடையாது."

கட்டுப்பாடுள்ள இருவரும் ஒருவரை ஒருவர் மதிப்போடு பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தம் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். உள்ளே செல்வி காபித் தட்டைக் கையில் எடுத்தாள்.

அப்போது பைலட் எழுந்தது.

ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. பையனை முகர்ந்தது. வேல்ராஜிடம் வந்தபோது அவர் மூச்சை நிறுத்தினார். இடது பையை முகர்ந்து, வலது பையை முகர்ந்து, அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் மூச்சை விட்டார். நாய் அய்யாக்குட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எதிரே உட்கார்ந்தது. முகத்தைப் பார்த்தது.

எட்டுத் தரம் குரைத்தது.

வாசல்படியில் செல்வி காபித் தட்டோடு அப்படியே நின்றாள்.  வேல்ராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி," என்றார். "வழக்கமா என்னையப் பாத்துத்தான் குரைக்கும். வீட்டுப் பெரியவுகளுக்கு அது குடுக்கிற மரியாத."

அய்யாக்குட்டி இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நெற்றி வேர்த்திருந்தது. வலது கை வேட்டி மடியை இறுக்கப் பொத்திக்கொண்டிருந்தது.

செண்பகம் அம்மாள் நிதானமாக எழுந்து அவர் பக்கத்தில் போனாள்.

"கைய எடுங்க."

"செண்பகம், இது டயருக்கு..."

"கைய எடுங்கன்னேன்."

மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வந்தது. அந்தப் பொட்டலத்தின் நூல் கட்டையும் பேக்கரி முத்திரையையும் வேல்ராஜ் இருட்டிலும் அடையாளம் சொல்லுவார். அதிலிருந்து ஒரு மக்ரூன் நழுவி உருண்டு பைலட்டின் முன்னங்காலில் முட்டி நின்றது. நாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அனுசியா நெத்திலி டப்பாவோடு வந்துகொண்டிருந்தாள்.

செண்பகம் அம்மாள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புருஷனை விட்டுவிட்டு அனுசியாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க போன்ல சொன்னப்ப நான் நம்பல மதினி. மக்ரூன் வாசத்துக்கு இப்படிக் குரைக்கதுக்கு எத்தன நாளு நெத்திலி போட்டுப் பழக்குனீக?"