சதுர அடிக்கு நானூற்றைம்பது

"சதுர அடிக்கு நானூத்தம்பது," என்றான் றுஷ்தி. "அதுவும் ஒரு இஞ்சு கனத்துக்கு."

அந்தோனிமுத்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். றுஷ்தி கூரைத் தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தான். எல்ல டவுனில் ஹோட்டல் கூரைகளுக்கு நுரை அடிக்கிறவன் அவன். மருந்தைக் குழாயில் பீய்ச்சினால் அது தகரத்தின் அடியில் புளித்த அப்ப மாவைப் போலப் பொங்கி, அப்படியே இறுகிவிடும்.

"வெயில்ல உள்ளுக்குள்ள ஐஸ் மாதிரி இருக்கும் அண்ணே."

"வெயில் கெடக்கட்டும் தம்பி. மழைச் சத்தம் கேக்குமா?"

"பக்கத்துல இடி விழுந்தாத்தான் தெரியும்."

"அது போதும்."

போன நவம்பர் மழையில் மலை சரிந்து, தோட்டத்து வீட்டு வரிசைகளில் மேல் லயம் மண்ணுக்குள் போனது. அவர் மனைவி அற்புதமலரின் தங்கை அங்கேதான் இருந்தாள். அன்றிலிருந்து தகரத்தில் நாலு துளி விழுந்தால் போதும், மலர் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். டோர்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். மலையைப் பார்ப்பாள். வந்து உட்காருவாள். திரும்பவும் போவாள். இடம் மாற்றித் தருவதாகப் பெயர் எழுதிக்கொண்டு போனவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய பிரஷர் கணக்கைப் பார்த்தார். "இந்தம்மா தூங்கணும். இல்லாட்டி ஒரு நாளைக்கு கை கால் விழுந்துடும்," என்றார்.

தூக்க மாத்திரையை மலர் வாங்கிக்கொண்டாள். விழுங்கவில்லை.

அந்தோனிமுத்துவிடம் நாற்பது வருஷத்து உழைப்பின் ஈபிஎப் காசு இருந்தது. ஆறு லட்சத்து நாற்பதாயிரம். லயத்தில் அவருடைய வீடு ஒரே காம்பரா, இருநூற்றைம்பது சதுர அடி. கையோடு பெருக்கிப் பார்த்தார். தாங்கும்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றான் றுஷ்தி, ஏணியிலிருந்து இறங்கி. "ஆயிரம் சதுர அடிக்குக் கொறஞ்சா மெஷின லொறியில ஏத்த மாட்டோம்."

"என்னுது எரநூத்தம்பதுதானேப்பா?"

"ஆயிரத்துக்குக் காசு கட்டிட்டு எரநூத்தம்பதுக்கு அடிச்சிக்கலாம். எங்களுக்கு ஒண்ணும் பிரச்சின இல்ல."

லயத்தில் நாலு காம்பரா. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் பாதியில் நிற்பவை. அடுத்த வீட்டுக் கூரையில் பெய்கிற மழையும் இவர் வீட்டுக்குள்தான் கேட்கும். நாலுக்கும் அடித்தால்தான் நியாயம் என்று பட்டது.

பக்கத்துக் காம்பராக் கஜேந்திரன் முழுவதையும் கேட்டான். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"சும்மாவா அடிச்சிக் குடுக்கிறீங்க?"

"சும்மாதான்."

"பிரதேச சபைக்கு எலெக்சன் கேக்கப் போறீங்களாண்ணே?"

"போடா டேய்."

"இல்ல, ஓட்டு வேணும்னா நேராவே கேளுங்க. கூரையில எதுக்கு அடிக்கிறீங்க?"

அவன் மனைவி சுதர்ஷினி கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்தாள். "மலரக்கா கேட்டாங்களா இத?"

"அவளுக்குத்தாம்மா செய்யிறேன்."

சுதர்ஷினி கஜேந்திரனைப் பார்த்தாள். பிறகு, "அக்கா தூங்குனா சரிதான்," என்றாள்.

றுஷ்தி ஒரு தாள் கொடுத்திருந்தான். அடியில் 'வீட்டு உரிமையாளர் கையொப்பம்' என்று இருந்தது. அந்தோனிமுத்து அதை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஒப்பீசுக்குப் போனார். கிளாக்கர் வாசித்தார்.

"நீ வீட்டுக்காரனா?"

"எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கோமுங்க."

"இருக்கறது வேற. லயம் கம்பெனியோடது. கூரையும் கம்பெனியோடது."

"ஒழுகுதுன்னு போன மாசம் வந்தப்ப, நீயே பாத்துக்கன்னு சொன்னீங்களே."

"ஒழுகறது ஒன்னோடது."

கடைசியில் தோட்டத்து மேனேஜர் தொரை கையெழுத்துப் போட்டார். கீழே கிளாக்கர் ஒரு வரி சேர்த்திருந்தார்: காம்பராவை விட்டுப் போகும்போது நுரையைக் கழற்றிக்கொண்டு போகக் கூடாது.

அடுத்த தடவை வந்த றுஷ்தி அடுப்புகளைப் பார்த்தான். நாலும் விறகு அடுப்பு.

"இது நெருப்புப் புடிக்கிற சாமான் அண்ணே. இதுக்கு மேல தீப்பூச்சு பூசணும். சதுர அடிக்கு நூத்தியிருவது."

"ஆயிரத்துக்குமா?"

"நெருப்புக்கு இது யார் வீடுன்னு தெரியாதே."

தகரத்தில் துரு இருந்தது. துருவில் நுரை ஒட்டாது. ஆறு தகரம் மாற்ற வேண்டும் என்றான். மாற்றினார்கள். பிறகு லொறி வந்தது. வந்து பெரிய ரோட்டிலேயே நின்றது. றுஷ்தியின் குழாய் நூற்றைம்பது அடி. லயம் இருந்தது முந்நூறு அடிக்கு மேலே.

"லயத்தக் கொஞ்சம் கீழ கட்டியிருக்கலாம்," என்றான் றுஷ்தி.

"வெள்ளக்காரன்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றார் அந்தோனிமுத்து.

கூடுதல் குழாய் கொழும்பிலிருந்து வாடகைக்கு வந்தது. அதற்கு இருபத்தையாயிரம்.

மலர் கணக்குக் கேட்டது அன்றைக்குத்தான்.

"எல்லாம் சேத்து எவ்வளவுங்க?"

அவர் சொன்னார். ஆறு லட்சத்து இருபத்திரண்டாயிரம்.

அவள் கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"இத்தன நாளா முழிச்சிருந்தேன். ஒரு சதம் செலவில்ல. தூங்கறதுக்கு ஆறு லட்சமா?"

"ஒனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னா பண்றது மலரு?"

அவள் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு அவர் கையை ஒரு தடவை பிடித்தாள். பிறகு மறுபடியும் கல் பொறுக்கினாள்.

நுரை அடித்த இரண்டு நாளும் நாலு குடும்பமும் மாதா கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். வாடை போகவில்லை என்று மூன்றாவது நாளும் இருந்தார்கள். திரும்பி வந்தபோது கூரையின் அடிப்பக்கம் வெளுத்துப் புடைத்திருந்தது. கஜேந்திரன் அண்ணாந்து பார்த்தான்.

"மேகம் உள்ளுக்கு வந்துட்ட மாதிரி இருக்குண்ணே."

ஒரு வாரம் மழை இல்லை. அந்தோனிமுத்துவுக்கு வானத்தின் மேல் கோபம் வந்தது. நாற்பது வருஷம் மழையில் நனைந்து வேலை செய்தவர், வாழ்க்கையில் முதல் தடவையாக மழைக்காக வெளியே வந்து நின்று பார்த்தார். "காசு குடுத்தாச்சு, வரமாட்டேங்குது," என்று றுஷ்திக்குப் போன் போட்டுச் சொன்னார். அதற்குத் தன்னிடம் மெஷின் இல்லை என்றான் றுஷ்தி.

எட்டாவது நாள் விடிந்து அவர் கண் விழித்தபோது மலர் தூங்கிக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தலையணைக்கு அடியில். மழைக்காலத்தில் அவளை அப்படிப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் அசையாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு சத்தமில்லாமல் எழுந்து கதவைத் திறந்தார்.

வாசல் முழுக்கத் தண்ணீர். வடிகால் கான் நிரம்பி ஓடியது. வேலிப்பக்கம் ஒரு வாழை சாய்ந்து கிடந்தது. இரவு முழுக்கப் பெய்திருக்கிறது. அவருக்கு ஒரு துளிகூடக் கேட்கவில்லை. ஆறு லட்சமும் அந்த நிமிஷத்தில் மலிவாகத் தெரிந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. திரும்பினார்.

இஸ்தோப்புத் திண்ணையில் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பளிக்குள் பிள்ளைகள் தூங்கின. கஜேந்திரன் மடியில் குடை, கையில் டோர்ச். எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது.

"என்னாடா இது? இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

"ராவெல்லாம் இங்கதாண்ணே."

அந்தோனிமுத்து கூரையை அண்ணாந்து பார்த்தார். "நொர சரியில்லையா? ஒங்க பக்கம் சத்தம் கேட்டுச்சா?"

"ஒரு சொட்டு கேக்கல. அருமையான வேல."

"அப்பறம் தூங்கறதுக்கு என்னா?"

கஜேந்திரன் மலையைப் பார்த்தான். சுதர்ஷினி உதட்டில் விரலை வைத்து, உள்ளே கைகாட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா முழிச்சிருக்காங்கங்கிற தைரியத்துலதாண்ணே இத்தன நாளா நாங்க மூணு வீடும் தூங்குனோம்."